கடிகாரம் பார்க்காத கேம்கள்

பழைய பி.சி. கேம்கள் புதிய கணினியில் இரண்டு விதமாகத் தகராறு செய்யும். சில தலைதெறிக்க ஓடும். ஆடுபவர் விசையில் விரல் வைப்பதற்குள் எதிரி வந்து முட்டி ஆட்டமே முடிந்துவிடும். வேறு சில நேர் எதிர். இன்றைய கணினியின் பத்தில் ஒரு பங்கு வலுகூட இல்லாத பெட்டியில் அன்று வழுக்கிக்கொண்டு ஓடியவை, இப்போது திக்கித் திணறி நகரும். கணினி வேகமாகிவிட்டது, அதனால் கேமும் வேகமாகிவிட்டது என்று பலர் முதல் தகராறுக்குக் காரணம் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். வேகமான கணினியில் போட்டதால் எந்தச் சினிமாவும் சீக்கிரம் முடிந்துவிடுவதில்லை, எந்தப் பாட்டும் அவசரமாகப் பாடுவதில்லை. கேம் மட்டும் ஏன் ஓடுகிறது? அது தன் நேரத்தை எதை வைத்து அளக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. 1981-ல் வந்தது. அதிலிருந்த 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 48 லட்சம் துடிப்புகள். இன்று கடையில் வாங்கும் சாதாரணக் கணினியே 300, 400 கோடித் துடிப்புகளில் இயங்குகிறது. துடிப்பின் கணக்கு மட்டும் முழு வித்தியாசத்தையும் காட்டாது. அந்தப் பழைய சில்லு ஒரே கட்டளையை முடிக்கப் பல துடிப்புகள் எடுத்துக்கொண்டது. இன்றைய சில்லு ஒரே துடிப்பில் பல கட்டளைகளை முடித்துவிடும். மொத்தத்தில் வேக வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு.

அன்றைய கேம் எழுதியவர்களில் பலர் நேரத்தை அளக்கக் கையாண்டது மிக எளிய வழி. பொம்மையை ஓர் அடி நகர்த்து, ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை சும்மா எண்ணு, மறுபடி நகர்த்து. அந்த வெற்று எண்ணிக்கைதான் அவர்களுடைய கடிகாரம். சிலர் அதுகூட வைக்கவில்லை. படம் வரைந்து முடிக்கவே பிராசசருக்கு மூச்சு வாங்கும்; அந்தத் தாமதமே ஆட்டத்தின் வேகமாக நின்றுவிட்டது. கனடாவின் விண்ட்மில் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட 'டிக்கர்' இப்படிப்பட்ட கேம். அடுத்த தலைமுறைக் கணினிகள் வந்ததுமே அது ஆட முடியாத வேகத்துக்குப் போய்விட்டது. 1990-ல் வந்த 'விங் கமாண்டர்' அன்றைய உயர்ரகக் கணினிகளில் சிறப்பாக ஓடியது. சில ஆண்டுகளில் வேகமான 486 கணினிகள் பரவியபோது அதன் விண்கலங்கள் கண்ணில் படாமல் பறந்தன.

இதை எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பி.சி.யில் கடிகாரம் இருந்தது. ஆனால் அது விநாடிக்கு 18.2 முறை மட்டுமே தட்டியது. இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் அமெரிக்கக் கலர் டி.வி. அந்த டி.வி. தரத்தோடு ஒத்துப்போகும் 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றையே ஐ.பி.எம். பொறியாளர்கள் கணினி முழுவதற்கும் தாளமாக வைத்தார்கள். அதை மூன்றால் வகுத்தால் பிராசசருக்கு 4.77. பன்னிரண்டால் வகுத்தால் நேரம் காட்டும் சில்லுக்கு 1.193. அதை 65,536 ஆல் வகுத்தால் 18.2. விநாடிக்குப் பதினெட்டே முறை நகரும் பொம்மை விட்டுவிட்டு நகர்வதாகத் தெரியும். அதைச் சரிசெய்ய நேரச் சில்லின் வேகத்தையே மாற்றியமைக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் செய்தார்கள். ஒரே வேகக் கணினிதான் சந்தையில் இருந்தபோது அந்தச் சிரமம் எதற்கு என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

நேரத்தை இயந்திரத்திடம் விடாமல் கடிகாரத்திடமே கேட்டாக வேண்டிய தொழில்களும் உண்டு. வானியல் அவற்றுள் ஒன்று. ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1972-ல் இயங்கத் தொடங்கியது, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. ஆகவே ஒரு விண்மீனைப் பார்வையில் நிறுத்த வேண்டுமானால் தொலைநோக்கி விநாடிக்கு 15 வில்விநாடிக்குச் சற்றே கூடுதலாகத் திரும்பியாக வேண்டும். வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு. தொலைநோக்கியை இயக்கும் கணினியை மாற்றி நான்கு மடங்கு வேகமுள்ளதை வைத்தாலும் வானம் நான்கு மடங்கு வேகமாகச் சுழலப் போவதில்லை. இப்படிப்பட்ட புரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, 'இந்தக் கணத்தில் குழாய் எந்தத் திசையில் இருக்க வேண்டும்' என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வேகமான கணினி அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கும், அவ்வளவே; விடை மாறாது.

காவலூருக்குப் பெயர் வாங்கித் தந்த நிகழ்ச்சிகளில் ஒன்று இந்த நேரக் கணக்கைச் சார்ந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்க இருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டதை 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்தும் இதே நிகழ்ச்சி கவனிக்கப்பட்டது. வெவ்வேறு இடத்துப் பதிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. ஒவ்வோரிடத்துக் கருவியும் தன் போக்கில் நேரத்தை எண்ணியிருந்தால் அந்த ஒப்பீடே நடந்திருக்காது.

கேம் உலகத்துக்கு இந்தப் பாடம் மெதுவாகத்தான் வந்தது. அதுவரை கணினியை மெதுவாக்குவதே மருந்து. 8 மெகாஹெர்ட்ஸ் கணினிகள் சந்தைக்கு வந்தபோது பெட்டியின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் முளைத்தது. அழுத்தினால் வேகம் கூடும் என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். பழைய புரோகிராம்களுக்காக வேகத்தைக் குறைப்பதே அது உண்மையில் ஆற்றிய பணி; 'மெதுவாக்கும் பொத்தான்' என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? வேறு சிலர் பயாஸுக்குள் போய் பிராசசரின் கேச் நினைவகத்தை அணைத்தார்கள். ஒரு 486 கணினியில் அப்படிச் செய்தால் அது ஏறக்குறைய முந்தைய தலைமுறை 386 ஆகிவிடும். 'மோஸ்லோ' போன்ற சிறு புரோகிராம்களும் வந்தன. கேமுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தில் பெரும்பங்கை அவை தாமே விழுங்கிவிடும். பத்து மடங்கு வித்தியாசத்துக்கு அது உதவியது. ஆயிரம் மடங்குக்கு உதவாது: கேம் ஒரு நொடித் துணுக்கு பாய்ந்து ஓடும், பிறகு உறைந்து நிற்கும், பிறகு மீண்டும் பாயும். சராசரி சரியாக இருந்து என்ன பயன்?

எண்ணுவதற்கு முன் கணினியின் வேகத்தை அளந்துகொண்ட புத்திசாலிப் புரோகிராம்களும் மாட்டிக்கொண்டன. 1990களில் பிரபலமான டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல புரோகிராம்கள், தொடங்கும்போதே ஒரு கடிகாரத் தட்டுக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணும். பிறகு அதை 55 ஆல் வகுத்துவைத்துக்கொள்ளும். விடை 65,535-க்குள் அடங்க வேண்டும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் அது அடங்கவில்லை. புரோகிராம் உடனே 'ரன்டைம் எரர் 200: பூஜ்யத்தால் வகுத்தல்' என்று கூறிப் படுத்துவிடும். அங்கே பூஜ்யமே கிடையாது. விடை பெரிதாகிவிட்டதையும் அந்தப் பிராசசர் அதே பிழையாகத்தான் அறிவிக்கும். விண்டோஸ் 95-ம் இதே வகைப் பள்ளத்தில் விழுந்தது. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேகம் கொண்ட ஏ.எம்.டி. கே6-2 பிராசசர்களில் அது தொடங்கும்போதே பிழை காட்டி நின்றது. மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலக் கேம்களுக்கு இன்று உள்ள சிறந்த தீர்வு டாஸ்பாக்ஸ். 2002-ல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், பழைய பி.சி. ஒன்றைப் புதிய கணினிக்குள் மென்பொருளாகவே கட்டி எழுப்புகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பலர் இதைப் பெயர் தெரியாமலே பயன்படுத்தியிருப்பார்கள். விண்டோஸ் 7-க்குப் பிறகான கணினிகளில் பாடத்துக்காக நிறுவும் டர்போ சி++ தொகுப்புகள் பெரும்பாலும் டாஸ்பாக்ஸுக்குள்தான் ஓடுகின்றன. நீலத் திரைக்கு மேலே சட்டத்தில் 'சிபியு ஸ்பீடு: 3000 சைக்கிள்ஸ்' என்று எழுதியிருப்பது அதன் அடையாளம்.

அந்த 3000-தான் வேகப் பிரச்சினையின் திறவுகோல். ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றலாம் என்பதே அந்த எண். டாஸ்பாக்ஸ் அத்தனை கட்டளைகளை ஓட்டிவிட்டு, மில்லி விநாடி முடியும்வரை கேமை நிறுத்திவைக்கிறது. உண்மையான கடிகாரத்தைக் கேம் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக டாஸ்பாக்ஸ் பார்த்துக்கொள்கிறது. மோஸ்லோ பாணியின் திக்கல் இதில் கிடையாது. மில்லி விநாடி அளவிலான நிறுத்தம் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணை மாற்றக் கண்ட்ரோல் விசையோடு எஃப்12 அழுத்தினால் 10 சதவீதம் கூடும். எஃப்11 அழுத்தினால் 20 சதவீதம் குறையும். மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். தோராயமாக, முதல் ஐ.பி.எம். பி.சி.யின் வேகத்துக்கு 300 போதும். 33 மெகாஹெர்ட்ஸ் 386 கணினிக்கு 6,000. 66 மெகாஹெர்ட்ஸ் 486 கணினிக்கு 24,000. இவை வழிகாட்டும் எண்கள்தான். கேம் வெளியான ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் நல்ல கணினி எதுவோ அதன் எண்ணில் தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதே நடைமுறை. சரியான எண் கிடைத்ததும் அமைப்புக் கோப்பில் 'சைக்கிள்ஸ்' வரியில் 'ஃபிக்ஸ்ட்' என்ற சொல்லோடு எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். அந்த வரியில் இயல்பாக இருக்கும் 'ஆட்டோ' முறை, எளிய கேம்களுக்கு 3000 வைத்துக்கொள்ளும். பிந்தைய கால டாஸ் கேம்களுக்கு முடிந்தவரை வேகம் கொடுக்கும். 1980களின் கேமுக்கு 3000 அதிகம். பலர் டாஸ்பாக்ஸிலும் கேம் பறக்கிறதே என்று கைவிடுவது இங்கேதான். மறுபக்கம், கணினியால் தாங்க முடியாத அளவுக்கு எண்ணை ஏற்றினால் ஒலி கரகரக்கும், கேம் முன்பைவிட மெதுவாகும். வேகம் போதவில்லை என்று தொடர்ந்து எஃப்12 அழுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

64 பிட் விண்டோஸில் டாஸ் கேமின் கோப்பை நேரடியாகத் திறப்பது வீண்வேலை. 16 பிட் புரோகிராம்களை அது ஏற்பதில்லை. கோப்பின் பண்புகளில் உள்ள 'கம்பாட்டிபிலிட்டி மோடு' வேகத்தைத் தொடுவதில்லை. பழைய விண்டோஸின் சில நடத்தைகளை அது போலியாகக் காட்டும், அவ்வளவுதான். டாஸ்பாக்ஸுக்கும் மசியாத கேம்களுக்கு 86பாக்ஸ் இருக்கிறது. குறிப்பிட்ட மதர்போர்டு, குறிப்பிட்ட பிராசசர், குறிப்பிட்ட வீடியோ கார்டு என்று ஒரு பழைய கணினியை உறுப்பு உறுப்பாக அது போலச்செய்கிறது. நேரத் துல்லியம் அதிகம்; ஆனால் ஒரு நடுத்தரப் பென்டியத்தைப் போலச்செய்யவே இன்றைய நல்ல பிராசசர் வியர்க்கும்.

இன்னொரு பாதை, கேமின் இயந்திரத்தையே புதிதாக எழுதுவது. 2001-ல் தொடங்கிய ஸ்கம்விஎம் பழைய சாகசக் கேம்களின் படங்களையும் ஒலிகளையும் எடுத்துக்கொண்டு, நேரக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. 'டூம்' கேமின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-ல் பொதுவில் வெளியிட்டது. அன்றிலிருந்து அது கால்குலேட்டர் வரை ஏறாத கருவி இல்லை. 1993-லேயே 'டூம்' விநாடிக்கு 35 கணக்கு என்று கடிகாரத்தைப் பார்த்தே ஓடியது அதற்குப் பெரிய வசதி. எந்தக் கணினியில் ஏற்றினாலும் அரக்கர்கள் அதே வேகத்தில்தான் நடக்கிறார்கள்.

விண்டோஸ் காலக் கேம்களில் நோயின் வடிவம் மாறுகிறது. பிராசசரின் எண்ணிக்கைக்குப் பதிலாக, திரையில் வரையப்படும் ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃபிரேமையும், காலத்தின் அலகாக எடுத்துக்கொண்ட கேம்கள் இவை. விநாடிக்கு 30 ஃபிரேம் என்று நம்பி எழுதியதை 60 ஃபிரேமில் ஓட்டினால் இரண்டு மடங்கு வேகம். 60 ஹெர்ட்ஸ் திரை மட்டுமே இருந்த நாளில் திரையே இவற்றுக்குக் கடிவாளம் போட்டது. இப்போது 144 ஹெர்ட்ஸ் திரைகள் மலிவு மடிக்கணினிகளிலும் வந்துவிட்டன, கடிவாளம் கழன்றுவிட்டது.

பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித்தீர்த்த 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி' நல்ல உதாரணம். அதன் திரை அமைப்பில் 'ஃபிரேம் லிமிட்டர்' என்றொரு தெரிவு உண்டு. கேம் இன்னும் வழவழப்பாக ஓடட்டும் என்று அதை அணைப்பவர்கள் அதிகம். அணைத்தால் காட்சி வழவழப்பாகும். ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை மிக உயர்ந்தால் கார் பின்னோக்கி நகர மறுக்கும். அடுத்து வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் அதே தெரிவை அணைத்தால் நாயகன் நீச்சலில் தேங்கிப்போவான். மொத்த ஆட்டமும் வேகமாவதில்லை என்பதுதான் இங்கே குழப்பம். நேரத்தைப் பார்த்து எழுதிய பகுதிகள் ஒழுங்காக நடக்கின்றன. ஃபிரேமை எண்ணி எழுதிய பகுதிகள் மட்டும் சறுக்குகின்றன. கேம் கெட்டுவிட்டது, கோப்பு பழுது என்று திரும்பத் திரும்ப நிறுவுவார்கள். லிமிட்டரை மறுபடி இயக்கினாலே போதும். 60 ஃபிரேம் வேண்டும் என்பவர்களுக்கு ஆர்வலர்கள் எழுதிய 'சைலன்ட்பேட்ச்' என்ற திருத்தம் இத்தகைய குறைகளில் பலவற்றைச் சரிசெய்கிறது.

இது கத்துக்குட்டிகளின் பிழை என்றும் கூற முடியாது. 1999-ல் வந்த 'குவேக் 3' கேமில் 125 ஃபிரேம் வைத்தால் வீரன் கூடுதல் உயரம் குதிப்பான்; போட்டிக்காரர்கள் அதைத் தெரிந்தே வைத்தார்கள். 2013-ன் 'நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ்' கேமின் 30 ஃபிரேம் பூட்டை உடைத்தால் பந்தயம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. 'டார்க் சோல்ஸ் 2' பி.சி.யில் 60 ஃபிரேமில் ஓடியபோது வாள்கள் இரட்டிப்பு வேகத்தில் தேய்ந்தன. பின்னர்தான் திருத்தம் வந்தது.

இவற்றுக்கு மருந்து, கடிவாளத்தைத் திரும்ப மாட்டுவது. முதலில் கேமின் உள்ளேயே 'வி-சிங்க்' அல்லது லிமிட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வி-சிங்க் திரையின் வேகத்தோடு கேமைக் கட்டுவதால், 144 ஹெர்ட்ஸ் திரையில் அது மட்டும் போதாது. விண்டோஸின் திரை அமைப்பில் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டுக் கேமைத் திறக்க வேண்டும். அடுத்த படி, வெளியிலிருந்து வரம்பு போடுவது. என்விடியா கார்டுகளின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 2020 முதல் அதிகபட்ச ஃபிரேம் வீதம் வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கேமுக்கு மட்டும் அதைப் பொருத்தலாம். எந்த கார்டானாலும் வேலை செய்வது 'ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர்' என்ற இலவச மென்பொருள். 60 வைத்தும் பறந்தால் 30 வைத்துப் பார்க்கலாம்.

2005 வாக்கில் இன்னொரு சிக்கல் முளைத்தது. ஒரே சில்லில் இரண்டு கோர்கள் கொண்ட பிராசசர்கள் அப்போதுதான் வீடுகளுக்கு வந்தன. ஒவ்வொரு கோரிலும் துடிப்பை எண்ணும் ஒரு மீட்டர் உண்டு. பல கேம்கள் அதையே கடிகாரமாகப் படித்தன. ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ்2 போன்ற சில்லுகளில் இரு மீட்டர்களும் ஒரே எண்ணைக் காட்டவில்லை. கேம் ஒரு கோரிலிருந்து மற்றதற்கு மாறும்போது காலம் திடீரென முன்னே தாவியது, சில சமயம் பின்னோக்கியும் போனது. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பிராசசர் தன் வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டதும் இந்த மீட்டரைக் குழப்பியது. இன்றைய பிராசசர்களில் அந்த மீட்டர் ஒரே சீராக ஓடுகிறது என்றாலும், பல கோர்களைக் கண்டு மிரளும் பழைய கேம்கள் இன்னும் உண்டு. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் அதன் பெயர்மேல் வலது சொடுக்கி, 'செட் அஃபினிட்டி' வழியாக ஒரே கோரை மட்டும் ஒதுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மெதுவாக ஊரும் கேம்களின் கதை வேறு. 1990களின் பிற்பகுதியில் வந்த இருபரிமாணக் கேம்கள் 'டைரக்ட்டிரா' என்ற வசதி மூலம் வீடியோ கார்டிடம் நேரடியாக வேலை வாங்கின. 256 வண்ணங்களே அவற்றுக்குப் போதும். விண்டோஸ் 8-லிருந்து அந்த நேரடி வழி அடைபட்டு, விண்டோஸே அதைப் போலியாக நடத்திக்காட்டுகிறது. அந்த நாடகத்தில் நேரம் விரயமாகிறது. டிஜிவூடூ 2, சிஎன்சி-டிடிரா போன்ற இலவச மாற்றுக் கோப்புகளைக் கேமின் ஃபோல்டரில் போட்டுவிட்டால், பழைய அழைப்புகளை அவை இன்றைய கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகின்றன. இரண்டிலும் வேக வரம்பும் வைக்கலாம் என்பதால் மெதுவாக ஓடும் கேமுக்கும் பறக்கும் கேமுக்கும் ஒரே கோப்பு உதவும்.

விண்டோஸின் நேரத் தட்டும் ஒரு காரணம். 'ஒரு மில்லி விநாடி தூங்கி எழு' என்று கேம் கேட்டாலும், விண்டோஸ் இயல்பாக விநாடிக்கு 64 முறைதான் தட்டுகிறது. எனவே கேம் சுமார் 15.6 மில்லி விநாடி தூங்கிவிடும். முன்பெல்லாம் வேறு ஏதாவது புரோகிராம் நுண்ணிய தட்டு கேட்டால் கணினி முழுவதற்கும் அது கிடைத்தது. பிரவுசர் திறந்திருந்தால் கேம் நன்றாக ஓடும், மூடினால் ஊரும் என்ற வேடிக்கையெல்லாம் அப்படித்தான் நடந்தது. 2020 மே மாதத்து விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கிறது. கணினி பல நாள் ஓடிக்கொண்டே இருந்தாலும் சில பழைய கேம்கள் திக்கும்; அவற்றின் நேர எண்ணிக்கை பெரிதாகித் துல்லியம் இழந்துவிடுகிறது. இன்றைய விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் பெரும்பாலும் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் திரும்பும்.

இதையெல்லாம் தேடுவதற்கு முன்னால் மடிக்கணினியில் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பேட்டரியில் ஓடும்போது பிராசசரும் வீடியோ சில்லும் தங்களைக் குறைத்துக்கொள்கின்றன. பழைய கேம் அதிக வேலை கேட்காததால் கணினியும் விழித்துக்கொள்வதில்லை. மின் அமைப்பில் உயர் செயல்திறன் முறைக்கு மாற்றினால் தீரும் புகார்கள் ஏராளம். இரண்டு வீடியோ சில்லுகள் உள்ள மடிக்கணினியில், கேம் வலுவான சில்லுக்குப் போகாமல் சிறியதில் ஓடுவதும் சகஜம். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் கேமைச் சேர்த்து மாற்றிவிடலாம்.

வலுக் குறைந்த கணினி இந்தத் துறையில் ஒரு குறையே அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் உள்ளிட்ட மலை ஊர்களின் அரசுப் பள்ளிகளையும் சேர்த்தே வகுக்கப்பட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் வழி வந்த லினக்ஸ் அது. டாஸ்பாக்ஸ் டெபியனின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. 1980களின் கேம்களுக்கும் 1990களின் தொடக்கக் கேம்களுக்கும் அத்தகைய மடிக்கணினி தாராளமாகப் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது: சரியான வேகம் எது? 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இந்தக் கேள்வியைச் சிக்கலாக்குகிறது. எதிரிகள் சுடப்பட்டுக் குறையக் குறைய, வரைய வேண்டியவை குறைந்து, எஞ்சியவர்கள் வேகமாக வந்தார்கள். பிராசசரின் இயலாமையால் தற்செயலாக நேர்ந்தது அது. ஆட்டத்துக்கு அதுவே சூடு ஏற்றியதால் அவர் அப்படியே விட்டுவிட்டார். அங்கே வேகத்தைச் சீராக்கினால் கேமே செத்துவிடும்.

கேமுக்குள் கடிகாரம் ஓடினால் வேகத்தைச் சோதிப்பது சுலபம். ஜோர்டான் மெக்னரின் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', இளவரசியை மீட்க 60 நிமிடம் தருகிறது. ஸ்பேஸ் விசையைத் தட்டினால் மீதி நிமிடங்கள் தெரியும். வாள்சண்டை இல்லாத நேரத்தில், கையில் உள்ள மொபைலில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒப்பிட்டால் போதும். பந்தயக் கேம்களில் ஒரு சுற்றுக்குக் காட்டும் நேரத்தை இப்படியே ஒப்பிடலாம். பின்னணி இசையை மட்டும் நம்பக் கூடாது. இசையைப் பெரும்பாலும் நேரச் சில்லு ஓட்டுகிறது. பொம்மைகள் தறிகெட்டு ஓடும்போதும் அது நிதானமாகவே பாடும். கடிகாரமே இல்லாத 'டிக்கர்' போன்ற கேம்களுக்கு அது எழுதப்பட்ட 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினிதான் அளவுகோல். அந்தக் கணினியை 86பாக்ஸில் ஒருமுறை எழுப்பிக் கேமை ஓட்டிப் பார்த்துவிட்டு, டாஸ்பாக்ஸின் எண்ணை அதற்கு இணையாக வைத்துக்கொள்ளலாம்.